நாட்பட்ட வலிக்கு மோர்பீனுக்குப் பதில் கஞ்சாவா? யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் நோவோடு வாழப் பழகிக்கொண்டவர்கள் ஏராளம். உடம்புக்குள் இன்னும் செல் துண்டு இருப்பவர்கள், மிதிவெடியில் காலை இழந்தவர்கள், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் குனிந்து குனிந்து நாரி விட்டுப்போனவர்கள், நீரிழிவால் பாதம் எரிந்து இரவில் நித்திரை இல்லாதவர்கள், புற்றுநோயோடு தெல்லிப்பழை வைத்தியசாலைக்கும் வீட்டுக்குமாக அலைகிறவர்கள். இவர்களில் பலருக்குக் கனடாவிலோ லண்டனிலோ ஒரு சொந்தம் இருக்கும். அங்கிருந்து வரும் அழைப்பில் கஞ்சா எண்ணெய் பற்றிய பேச்சும் வரும். அப்புறம் அந்தக் கேள்வி பாமசிக்கு வரும். நான் மருந்து கொடுக்கிறவன், மருத்துவர் இல்லை. அவசரமாக நிற்கும் வரிசையில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

கனடாவில் டொக்டரே கஞ்சா எழுதிக் கொடுக்கிறாராமே, உண்மையா?

உண்மைதான். கனடாவில் 2001இலிருந்து நோயாளிகளுக்கு அந்த வழி இருக்கிறது. 2018 ஒக்டோபரில் வயது வந்த எல்லோருக்குமே சட்டபூர்வமாகிவிட்டது. அவுஸ்திரேலியா 2016இல், ஜெர்மனி 2017இல், பிரித்தானியா 2018 நவம்பரில் மருத்துவத் தேவைக்குக் கதவைத் திறந்தன.

ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மருத்துவம் பரிந்துரைப்பது வேறு. பிரித்தானியாவில் சிறப்பு மருத்துவர் எழுதிக் கொடுக்கலாம் என்று சட்டம் சொன்ன அடுத்த வருடமே, அங்கே சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் என்ற அமைப்பு, நாட்பட்ட வலிக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதியது. லண்டனில் இருக்கும் உங்கள் மச்சான் தனியார் கிளினிக்கில் காசு கட்டி வாங்குகிறார் என்றால் அதற்கு இதுவும் ஒரு காரணம்.

வலி மாத்திரையை விட்டுக் கஞ்சாவுக்கு மாறும் யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலிருந்து. அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ளாமல் இந்தப் பேச்சு விளங்காது. 1996இல் பர்டூ என்ற நிறுவனம் ஒக்ஸிகொன்டின் என்ற மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. மோர்பீன் குடும்பத்தைச் சேர்ந்த, அபின் வகை மருந்து அது. அடிமையாகும் ஆபத்து குறைவு என்று சொல்லி நாரி நோ, மூட்டு நோ என்று எல்லாவற்றுக்கும் எழுத வைத்தார்கள். அந்த நிறுவனம் 2007இலும் 2020இலும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் லட்சக்கணக்கானோர் மாத்திரைக்கு அடிமையாகியிருந்தார்கள். மாத்திரையைக் கட்டுப்படுத்தியதும் பலர் ஹெரோயினுக்கும் ஃபென்டனிலுக்கும் போனார்கள். 2021 என்ற ஒரே வருடத்தில் அங்கே போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவற்றில் பெரும்பகுதி அபின் வகையால்.

அந்தத் துயரத்துக்குள் நின்றுதான் அவர்கள் மூச்சை நிறுத்தாத வேறொரு மருந்தைத் தேடினார்கள். அந்தத் தேடலில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது அவர்களுடைய பிரச்சினைக்கான தேடல். நம்முடைய பிரச்சினை கிட்டத்தட்ட நேர்மாறானது. அதைக் கீழே சொல்கிறேன்.

கஞ்சா ஆளைக் கொல்லாது என்கிறார்களே?

இதில் பாதி சரி. மூச்சை இயக்கும் மூளைத்தண்டுப் பகுதியில் அபின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய உண்டு. அளவு கூடினால் மூச்சு மெதுவாகி நின்றே போகும். கஞ்சாவில் போதை தரும் பொருளான டி.எச்.சி. பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் அந்த இடத்தில் மிகக் குறைவு. அதனால் கஞ்சா மட்டும் எடுத்து மூச்சு நின்று இறப்பது என்பது அபினில் நடப்பதுபோல நடப்பதில்லை.

மற்றப் பாதியையும் கேளுங்கள். தலைசுற்று, குழப்பம், இதயம் படபடப்பது, எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் விழுவது. எழுபது வயது அம்மா இரவில் எழுந்து கழிவறைக்குப் போகும்போது விழுந்து இடுப்பெலும்பை உடைத்தால் அதுவும் உயிராபத்துத்தான். குடும்பத்தில் மனநோய் உள்ளவர்களுக்கும், மூளை வளர்ந்துகொண்டிருக்கும் இளைஞர்களுக்கும் டி.எச்.சி. மனப்பிறழ்வைத் தூண்டலாம். கர்ப்பிணிகளுக்கு அறவே கூடாது. நீண்ட காலம் நிறையப் பாவித்த சிலருக்கு அடக்க முடியாத வாந்தி வரும். அடிமையாதலும் உண்டு, அபினை விட மெதுவாக வந்தாலும்.

சரி, வலிக்கு உண்மையில் கேட்குமா?

சிலருக்குக் கொஞ்சம் கேட்கும். அதற்கு மேல் சொல்ல ஆதாரம் இடம் தரவில்லை.

2017இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் அறிக்கை ஒன்று, வயது வந்தோரின் நாட்பட்ட வலியில் கஞ்சா பயன் தருவதற்குக் கணிசமான ஆதாரம் உண்டு என்றது. கஞ்சாவுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் எல்லோரும் காட்டுவது இதைத்தான். அடுத்த வருடம், நரம்பு வலி பற்றிய 16 ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் கொக்ரேன் குழு சேர்த்துப் பார்த்தது. வலி பாதியாகக் குறைந்தவர்கள், கஞ்சா மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 21 பேர். மருந்தே இல்லாத போலி மருந்து எடுத்தவர்களில் 17 பேர். பக்கவிளைவு தாங்காமல் இடையில் விட்டவர்கள் முதல் கூட்டத்தில் 10, இரண்டாவதில் 5.

2021இல் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வந்த இன்னொரு தொகுப்பு 32 ஆய்வுகளைப் பார்த்தது. புகையாக இல்லாமல் எண்ணெயாகவோ வாயில் அடிக்கும் மருந்தாகவோ எடுத்தால், போலி மருந்தை விட நூற்றுக்குப் பத்துப் பேருக்குக் கூடுதலாக, உணரக்கூடிய அளவு வலி குறைகிறது என்றது. நித்திரையிலும் சிறு முன்னேற்றம் இருந்தது. மற்றச் சிகிச்சைகள் பலிக்காதவர்களுக்கு ஒரு முயற்சியாகக் கொடுத்துப் பார்க்கலாம் என்று, அழுத்தம் இல்லாத ஒரு பரிந்துரையும் வந்தது. அதே வருடம் உலக வலி ஆய்வுச் சங்கம், பொதுவாக இதை ஏற்றுக்கொள்ளப் போதிய ஆதாரம் இல்லை என்று அறிக்கை விட்டது.

பத்துப் பேர் என்பது அலட்சியப்படுத்தக்கூடிய எண் இல்லை. அந்தப் பத்தில் ஒருவராக இருந்தால் அது உங்கள் வாழ்க்கை. ஆனால் கனடாவிலிருந்து வரும் அழைப்பில், கஞ்சாவால் கூடுதல் பலன் கிடைக்காத தொண்ணூறு பேரின் குரல் கேட்காது. வலி போனவர்தான் அழைத்துச் சொல்வார்.

கஞ்சா எடுத்தால் மோர்பீனைக் குறைத்துவிடலாம் என்கிறார்களே?

2014இல் ஓர் அமெரிக்க ஆய்வு, மருத்துவக் கஞ்சாவை அனுமதித்த மாநிலங்களில் அபின் வகை மருந்தால் இறப்போர் கிட்டத்தட்ட 25 சதவீதம் குறைவு என்றது. உலகமெங்கும் தலைப்புச் செய்தியானது அதுதான். அதே முறையில் 2017 வரையான கணக்கைச் சேர்த்து 2019இல் இன்னொரு குழு பார்த்தபோது முடிவு தலைகீழானது. அந்த மாநிலங்களில் இறப்பு ஏறக்குறைய 23 சதவீதம் கூடுதலாக இருந்தது. கஞ்சாதான் கொன்றது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மாநிலக் கணக்கை வைத்துத் தனி மனிதருக்குப் பலன் சொல்ல முடியாது என்பதே அதன் பாடம். இந்த இரண்டாவது செய்தி எங்கள் பக்கம் வந்து சேரவே இல்லை.

தனி மனிதர்களைத் தொடர்ந்து பார்த்தது அவுஸ்திரேலியா. நாட்பட்ட வலிக்கு அபின் வகை மருந்து எடுக்கும் 1,514 பேரை நான்கு வருடம் பின்தொடர்ந்தார்கள். கஞ்சா பாவித்தவர்கள் மருந்தைக் குறைத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. வலியும் அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது.

அம்மாவுக்குப் புற்றுநோய். டொக்டர் மோர்பீன் எழுதியிருக்கிறார். அடிமையாகிவிடுவா என்று பயம். கஞ்சா எண்ணெய் நல்லதில்லையா?

இந்தக் கேள்விதான் என்னை மிகவும் வருத்துவது. டொக்டர் மோர்பீன் எழுதிய மருந்துத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மருந்தை எடுக்காமலே வீட்டுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ‘அது கடைசி நேரத்தில் கொடுக்கிறது’ என்று பக்கத்து வீட்டில் யாரோ சொல்லியிருப்பார்கள். அம்மா இரவு முழுக்க அனுங்கிக்கொண்டு கிடப்பா.

மோர்பீன் மரணத்தை அழைத்து வருவதில்லை. புற்றுநோய் வலிக்கு உலகச் சுகாதார நிறுவனம் 1986இலேயே வகுத்த படிமுறையில் கடுமையான வலிக்குரிய மருந்து அதுதான். மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், வலி வருவதற்கு முன்பே கொடுத்தால், மூச்சு நின்றுவிடும் என்ற பயத்துக்குப் பெரிதாக இடமில்லை. முதல் சில நாட்கள் தூக்கக் கலக்கமும் ஓங்காளமும் வரலாம், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது. அதனால் மலமிளக்கியையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். எழுதாமல் விட்டிருந்தால் நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

நம்முடைய பிரச்சினை அமெரிக்காவுக்கு நேர்மாறு என்று சொன்னேன் அல்லவா? 2017இல் லான்செட் என்ற மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு கணக்கிட்டபோது, உலகம் முழுதும் விநியோகமான, மோர்பீனுக்குச் சமமான மருந்து சுமார் 300 தொன். அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போனது வெறும் 0.1 தொன். இலங்கை அந்த அடிமட்டத்தில் இல்லை. அரச வைத்தியசாலையில் மோர்பீன் கிடைக்கிறது. இருந்தும் பயத்தாலும் தயக்கத்தாலும், தேவைப்படுகிறவர் வாய்க்கு அது போய்ச் சேருவதில்லை. அங்கே மருந்து மிஞ்சி மனிதர் செத்தார்கள். இங்கே மருந்து இருந்தும் மனிதர் வலியில் கிடக்கிறார்கள். அவர்களுடைய தீர்வை அப்படியே இங்கே கொண்டுவந்து, அம்மாவின் மோர்பீனை நிறுத்தினால் அது அம்மாவுக்குச் செய்யும் அநியாயம்.

அப்படியென்றால் நாரி நோவுக்கும் மோர்பீன் கேட்கலாமா?

வேண்டாம். புற்றுநோய் அல்லாத நாட்பட்ட நோவில் கதை வேறு. அமெரிக்காவில் நாரி, இடுப்பு, முழங்கால் நோவு உள்ள முன்னாள் படையினர் 240 பேரை ஒரு வருடம் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. அபின் வகை மருந்து எடுத்தவர்கள், பனடோல் போன்ற மற்ற மருந்து எடுத்தவர்களை விட நன்றாக நடமாடவில்லை. வலி சற்றுக் கூடவே இருந்தது. நீண்ட காலம் எடுத்தால் உடம்பு பழகி, சிலருக்கு வலியின் உணர்வே கூர்மையாகிவிடும்.

இலங்கையில் நோயாளி கஞ்சா வைத்திருக்கச் சட்டத்தில் இடமுண்டா?

இல்லை. 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர மருந்துகள் கட்டளைச் சட்டம், பல திருத்தங்களோடு, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. வலிக்காக என்று சொல்லி அனுமதி எடுத்து வைத்திருக்கும் முறை இங்கே கிடையாது. டொக்டரின் துண்டு கையில் இருந்தாலும் பாதுகாப்பில்லை.

மூன்று விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம். அது பதிவு பெற்ற சுதேச வைத்தியர்கள் மருந்து செய்ய மட்டும், ஆயுர்வேத ஆணையாளர் வழியாகக் கஞ்சா பெற இடம் கொடுக்கிறது. இரண்டு, ஏற்றுமதிக்குப் பயிரிடும் பேச்சு. 2022 நவம்பர் வரவுசெலவுத் திட்ட உரையில் வந்தது; 2025இல் மீரிகமவில் வெளிநாட்டு முதலீட்டாளர்களைக் கொண்டு பயிரிடும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. அதில் விளைவது வெளிநாட்டுக்குத்தான், நமது நோயாளிகளுக்கு அல்ல. மூன்று, 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைமருந்து ஆணைக்குழு 27க்கு 25 என்ற வாக்கில் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலிலிருந்து எடுத்தது. மற்றக் கட்டுப்பாடுகள் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் அதனால் மாறிவிடாது.

தங்கச்சி கனடாவிலிருந்து வரும்போது சி.பி.டி. எண்ணெய் கொண்டு வரட்டுமா என்று கேட்கிறா. அதில் போதை இல்லையாமே?

கொண்டு வர வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே மருந்துக்கடைப் பொருள்போல விற்பது இங்கே கட்டுநாயக்காவிலோ பலாலியிலோ பையைத் திறந்தால் கஞ்சாப் பொருள்தான். விடுமுறைக்கு வந்தவ பொலிஸ் நிலையத்தில் நிற்க நேரும். தபாலில் அனுப்பினாலும் பெயர் உங்களுடையது.

சி.பி.டி. கஞ்சாவிலுள்ள இன்னொரு பொருள், அது போதை தராது என்பது சரி. ஆனால் வெறும் சி.பி.டி. வலியைக் குறைக்கும் என்பதற்கான ஆதாரம் மிகவும் மெலிது. அதற்கு உறுதியான ஆதாரம் இருப்பது சில அரிய வலிப்பு நோய்களில். இன்னொன்றையும் கவனியுங்கள். இதய வால்வுப் பிரச்சினைக்கு, இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்கள் இங்கே நிறைய. சி.பி.டி. வார்ஃபரினை உடம்பில் தேங்க வைக்கும். இரத்தக் கசிவு வரலாம். ஈரலையும் பாதிக்கலாம்.

கடற்கரையில் பிடிபடுகிற கேரளக் கஞ்சாவும் இதே மருந்துதானே?

செடி ஒன்றுதான், மருந்து ஒன்றில்லை. மருந்தாக விற்கும் நாடுகளில் ஒரு சொட்டில் எத்தனை மில்லிகிராம் டி.எச்.சி. என்று போத்தலில் எழுதியிருக்கும். வடமராட்சிக் கரையில் மூட்டையாக இறங்குவதில் என்ன வீரியம், என்ன பூஞ்சணம், எந்தப் பூச்சிமருந்து என்று விற்பவருக்கே தெரியாது. புகைத்தால் சில நிமிடத்தில் ஏறும். பாலிலோ பலகாரத்திலோ சேர்த்துத் தின்றால் ஒரு மணி, இரண்டு மணி நேரம் பிந்தித்தான் ஏறும். ஒன்றும் நடக்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தின்று, பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடுகிறவர்கள் இப்படித்தான் மாட்டுப்படுகிறார்கள்.

வலிக்கு என்று அப்பா வாங்கி வைத்திருக்கும் பொட்டலம் வீட்டிலுள்ள பதினைந்து வயதுப் பொடியன் கையில் போகும் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

சித்த மருத்துவத்தில் கஞ்சா இருக்கிறதே?

இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. சித்த நூல்களில் கஞ்சாவுக்கும் அபினுக்கும் இடமுண்டு. ஆனால் அங்கேயும் சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, அளவோடு கொடுப்பதுதான் முறை. மதன மோதகம் என்று கடையில் உருண்டையாக விற்பதைச் சித்த மருத்துவம் என்று நம்பிப் போகாதீர்கள். அந்த வழியில் நம்பிக்கை உள்ளவர்கள் கைதடியிலுள்ள அரச சித்த வைத்தியசாலைக்குப் போகலாம். நீங்கள் எடுக்கும் ஆங்கில மருந்துகளையும் அங்கே காட்டுங்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒளித்து இரண்டையும் எடுப்பதுதான் ஆபத்து.

இல்லாத கால் நோகிறது. யாரும் நம்புகிறார்கள் இல்லை.

நான் நம்புகிறேன், மருத்துவமும் நம்புகிறது. கால் போனாலும் அந்தக் காலுக்குரிய இடம் மூளையில் அப்படியே இருக்கிறது. அறுந்த நரம்பு நுனிகளும் பொய்யான செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். 2009இல் போர் முடிந்தது, இந்த நோவு முடியவில்லை.

இதற்குக் கஞ்சா உதவும் என்று சொல்லத்தக்க நல்ல ஆய்வு இல்லை. சிலருக்கு உதவுவது ஒரு கண்ணாடி. இருக்கும் காலுக்குப் பக்கத்தில் நெடுக்காகக் கண்ணாடியை வைத்து, அதில் தெரியும் உருவத்தைப் பார்த்துக்கொண்டு காலை மெதுவாக அசைக்க வேண்டும். போன கால் அசைவதுபோல மூளை எடுத்துக்கொள்ளும். சென்னையில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் கண்டறிந்த முறை இது. நாலைந்து கிழமை தினமும் செய்து பாருங்கள், செலவு ஒரு கண்ணாடி மட்டும்தான். பொய்க்கால் சரியாகப் பொருந்தாமல், வெட்டியது போக மிஞ்சிய கால் நோவதும் உண்டு. அது வேறு நோவு. பொய்க்கால் செய்து கொடுக்கும் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் காட்டிச் சரிசெய்யலாம்.

கஞ்சாவும் இல்லை, மோர்பீனும் இல்லையென்றால் எங்களுக்கு என்னதான் இருக்கிறது?

முதலில், எந்த மாதிரி நோவு என்று டொக்டரிடம் பிரித்துச் சொல்லுங்கள். உளைவா, குத்தா, எரிவா, விறைப்பா, மின்சாரம் அடிக்கிறதுபோலவா? எரிவும் விறைப்பும் மின்சாரமும் நரம்பு வலியின் அடையாளங்கள். அதற்குப் பனடோல் கேட்காது. அமிட்ரிப்டிலின், டுலொக்செடின், கபாபென்டின், பிரிகபலின் ஆகியவைதான் முதல் வரிசை மருந்துகள். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கும் கொடுக்கிற மருந்து என்பதால் ‘எனக்கு விசர் என்றா நினைக்கிறார்?’ என்று கோபப்படுகிறார்கள். இல்லை. நரம்பு வலிக்குக் கொடுப்பது மிகச் சிறிய அளவில். ஏறத்தாழ நான்கு பேருக்குக் கொடுத்தால், போலி மருந்தை விடக் கூடுதலாக ஒருவருக்கு வலி பாதியாகிறது. இந்த எண்ணைக் கஞ்சாவின் எண்ணோடு வைத்துப் பாருங்கள்: அங்கே 21க்கும் 17க்கும் உள்ள வித்தியாசம் நூற்றுக்கு நாலு பேர்தான். வேலை செய்ய இரண்டு, மூன்று கிழமை எடுக்கும். நாலாம் நாள் விட்டுவிடாதீர்கள்.

பிரிகபலின் பற்றி ஒரு சொல். இளைஞர்கள் அதைப் போதைக்கு விழுங்கத் தொடங்கியதால், உண்மையான நோயாளியும் பாமசியில் சந்தேகப் பார்வைக்கு ஆளாகிறார். அது உங்கள் குற்றமில்லை. துண்டையும் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். பிரிகபலினோ, ட்ரமடோல் என்ற அபின் வகை வலி மாத்திரையோ எடுக்கும் நாளில் கள்ளும் சாராயமும் தொடக்கூடாது. சேர்ந்தால் மூச்சு அமுங்கும்.

நாரி, முழங்கால் நோவுக்கு இயன் மருத்துவம் (பிசியோதெரபி) சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் நீண்ட காலத்துக்கு நின்று உதவுவது அசைவுதான். படுத்தே கிடந்தால் தசை கரையும், நோ கூடும்.

நான் ஏற்கெனவே கஞ்சா புகைக்கிறேன், நோவு குறைகிறது. டொக்டரிடம் சொல்லலாமா?

சொல்லுங்கள். குறிப்பாகச் சத்திரசிகிச்சைக்கு முன் மயக்க மருந்து டொக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். மயக்க மருந்தின் அளவே மாறலாம். நிறுத்த விரும்பினால் தேசிய அபாயகர ஒளடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். நோவு குறைகிறது என்று நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. அதே குறைவைப் பொலிஸுக்குப் பயப்படாமல் பெற வழி உண்டா என்று பார்ப்போம் என்றுதான் சொல்கிறேன்.

ட்ரமடோலை நாளையோடு நிறுத்திவிடலாமா?

மாதக்கணக்காக எடுத்திருந்தால் கூடாது. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், உடம்பு முறிவு, நித்திரையின்மை எல்லாம் சேர்ந்து வரும். நோய் திரும்பிவிட்டது என்று நினைத்து மறுபடி கூடுதலாக எடுப்பீர்கள். ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் பத்து சதவீதம் அல்லது அதற்கும் மெதுவாகக் குறைப்பதே தாங்கக்கூடியது. எழுதிய டொக்டரிடமே போய்க் குறைக்க விரும்புகிறேன் என்று சொல்லுங்கள். போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், வெளிநாட்டிலிருந்து வந்தவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள்.